எம்.பி.எட். சேரப் போறீங்களா? ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க

ஜூன் மாசம் பொறந்தா போதும், எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "அக்கா, பி.பி.எட். முடிச்சிட்டேன், அடுத்து எம்.பி.எட். போட்டுறலாமா?" (பி.பி.எட்.னா உடற்கல்வில இளநிலைப் பட்டம், எம்.பி.எட்.னா அதுக்கு மேல ரெண்டு வருஷ மாஸ்டர் டிகிரி.) சரி, முடிச்சிட்டு எந்த வேலைக்குப் போகப் போறன்னு கேட்டா அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. எம்.பி.எட். முடிச்சா காலேஜ்ல பி.டி. சார் ஆயிடலாம், இல்ல எங்கயாவது கோச் ஆயிடலாம்னு பொத்தாம்பொதுவா ஒரு நெனப்பு. நானும் அந்த நெனப்புல தான் சேர்ந்தேன். சர்டிபிகேட் ஃபைலையும் ஒழுங்கா வைக்காம ஒரு முழு வருஷத்தையும் கைக்கு வந்த ஒரு வேலையையும் விட்டேன், அந்தக் கதை கீழ வருது.

நான் தென்காசிப் பக்கம், கோ-கோ பிளேயர். இப்போ ஒரு காலேஜ்ல உடற்கல்வி இயக்குநரா இருக்கேன். இங்க எழுதியிருக்கிறது எல்லாம் நானும் என்கூடப் படிச்சவங்களும் அலைஞ்சு திரிஞ்சு தெரிஞ்சுக்கிட்டது. தேதி, கட்டணம் மாதிரி விஷயங்களை மட்டும் நீங்க அப்ளை பண்ற வருஷத்து நோட்டிபிகேஷன்ல ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.

1. முதல்ல எந்த வேலைன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க

இதைச் செய்யாம அடுத்த படிக்குப் போகாதீங்க. முன்னாடி எம்.பி.எட். ஒண்ணு கையில இருந்தா போதும், ஸ்கூல், காலேஜ், கிரவுண்டுன்னு எங்க வேணா நுழையலாம். இப்போ ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பேப்பர் கேக்குறாங்க.

அரசு மேல்நிலைப் பள்ளியில உடற்கல்வி இயக்குநர் நிலை 1 ஆகணும்னா டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்துற தேர்வை எழுதணும். அதுக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில்) அங்கீகாரம் உள்ள இடத்துல படிச்ச எம்.பி.எட். கட்டாயம். சம்பளம் லெவல் 18, அடிப்படை 36,900ல ஆரம்பிக்குது.

காலேஜ், யுனிவர்சிட்டி போஸ்ட்டுக்கு யு.ஜி.சி.யோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை. மாஸ்டர் டிகிரில 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு), நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இல்லன்னா செட் (மாநிலத் தகுதித் தேர்வு) இல்லன்னா விதிப்படி வாங்குன பி.ஹெச்டி., அதோட நீங்க போட்டில ஆடுனதுக்கான ரெக்கார்டு, கடைசியா ஃபிட்னஸ் டெஸ்ட். இத்தனையும் சேர்ந்தா தான் உள்ள விடுவாங்க. அடிப்படைச் சம்பளம் 57,700. மாஸ்டர் டிகிரி இங்க வெறும் முதல் படி.

கோச் ஆகணும்னு தான் ஆசையா? அப்போ கொஞ்சம் நில்லுங்க. சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மாதிரி இடங்கள்ல கோச் போஸ்ட்டுக்கு முக்கியமா கேக்குறது கோச்சிங் டிப்ளமா, பாட்டியாலால இருக்கிற என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) ஒரு வருஷ டிப்ளமா மாதிரி. இல்லன்னா ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் அளவுல ஆடியிருக்கணும். எம்.பி.எட்.ல ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிட்டு கோச் வேலைக்கு அப்ளை பண்ணி, டிப்ளமா இல்லாததால தகுதிப் பட்டியல்லயே பேர் வராமப் போன பசங்களை எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் போச்சு. என்.ஐ.எஸ்.ல ஆறு வார சர்டிபிகேட் கோர்ஸும் ஒண்ணு இருக்கு, அதை டிப்ளமானு நெனச்சு ஏமாந்துறாதீங்க, அது வேற இது வேற.

விளையாட்டு அறிவியல் பக்கம் போகணும்னா, அதாவது பயோமெக்கானிக்ஸ், உடற்பயிற்சி உடலியல், விளையாட்டு உளவியல், ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் இதெல்லாம், அதுக்குத் தனித்தனி எம்.எஸ்.சி., எம்.ஏ. வந்தாச்சு. சென்னை மேலக்கோட்டையூர்ல இருக்கிற தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துலயே எம்.பி.எட். தவிர இந்த மாதிரி கோர்ஸ் இருக்கு. இம்பால்ல இருக்கிற தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்துல ஸ்போர்ட்ஸ் கோச்சிங்ல எம்.எஸ்.சி., விளையாட்டு உளவியல்ல எம்.ஏ. இருக்கு. அகாடமி, ஹை பெர்ஃபாமன்ஸ் சென்டர் பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இவங்களைத் தான் முதல்ல பாக்குறாங்க. ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு. எம்.எஸ்.சி. முடிச்சவங்க பின்னாடி மனசு மாறி ஸ்கூல் டி.ஆர்.பி. எழுதலாம்னு வந்தா அங்க எம்.பி.எட். தான் கேப்பாங்க, எம்.எஸ்.சி. செல்லாது. காலேஜ் போஸ்ட்டுக்கு யு.ஜி.சி. விதில விளையாட்டு அறிவியல்னும் இருக்கறதால அங்க வழி உண்டு, ஆனா உங்க டிகிரி பேர் கொஞ்சம் வித்தியாசமா இருந்தாலும் இணைத்தன்மைச் சான்று (அவங்க கேக்குற டிகிரிக்கு இது சமம்னு சொல்ற சான்று) கொண்டு வான்னு அலைய விடுவாங்க.

கேந்திரிய வித்யாலயா தான் குறின்னா அங்க உடற்கல்வி டி.ஜி.டி. (பட்டதாரி ஆசிரியர்) போஸ்ட்டுக்கு இளநிலை உடற்கல்விப் பட்டமே போதும். அதுக்காக மட்டும்னு எம்.பி.எட். சேர வேண்டியதில்ல. ஆனா தனியார் சி.பி.எஸ்.இ. ஸ்கூல் கதை வேற. அங்க பதினொண்ணு, பன்னெண்டுல உடற்கல்வி ஒரு பாடம், கோடு 048, தியரி 70 மார்க், பிராக்டிகல் 30. ப்ளாக்போர்டுல நியூட்டன் விதியும் நெம்புகோலும் வரைஞ்சு வகுப்பெடுக்கணும். நான் ரெண்டு வருஷம் அந்த வகுப்பு எடுத்தேன், எம்.பி.எட்.ல படிச்ச கினீசியாலஜி (உடல் அசைவு பத்தின பாடம்) நோட்டு தான் அங்க சோறு போட்டுச்சு. பந்தைக் குடுத்து கிரவுண்டுல விட்டுட்டு மரத்தடில நிக்கிற காலம் அந்த மாதிரி ஸ்கூல்கள்ல முடிஞ்சு போச்சு.

2. காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கீகாரத்தை நீங்களே பாருங்க

யார் சொன்னாலும் நம்பாதீங்க, என்.சி.டி.இ. இணையதளத்துல தென் மண்டலப் பட்டியல்ல அந்தக் காலேஜ் பேர் இருக்கான்னு நீங்களே தேடுங்க. பி.பி.எட்.க்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிட்டு எம்.பி.எட்.டும் நடத்துற இடம் இருக்கலாம், அதனால கோர்ஸ் பேரும் அதே ஆர்டர்ல இருக்கான்னு பாக்கணும். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து தேதியோட ஃபைல்ல வைங்க.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ., காரைக்குடி அழகப்பா, சிதம்பரம் அண்ணாமலை, கோவை பாரதியார், புதுச்சேரிப் பல்கலைக்கழகம்னு நம்ம பக்கத்துலயே பழைய இடங்கள் நிறைய. என்னோட கருத்து, கட்டடத்தைப் பாக்காதீங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய் கிரவுண்டைப் பாருங்க. அந்த நேரத்துல எத்தனை பேர் பிராக்டிஸ் பண்றாங்க, டிராக்ல சுண்ணாம்புக் கோடு புதுசா இருக்கா, லேப்ல இருக்கிற கருவி மேல தூசி படிஞ்சிருக்கா, சீனியர்ஸ் எத்தனை பேர் நெட் அடிச்சிருக்காங்கன்னு கேட்டாலே பாதி தெரிஞ்சிடும்.

"காலேஜுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும், டிகிரி வாங்கித் தர்றோம்"னு வெளிமாநிலக் காலேஜ் பேரைச் சொல்லி ஏஜென்ட் யாராவது வந்தா தயவுசெஞ்சு விலகிப் போயிடுங்க. இது நேர்ல வந்து படிக்க வேண்டிய படிப்பு. அரசு வேலை கிடைச்ச பிறகு உண்மைத்தன்மைச் சரிபார்ப்புக்கு உங்க சர்டிபிகேட் எல்லாத்தையும் அந்தந்த யுனிவர்சிட்டிக்கே அனுப்புவாங்க. அப்போ மாட்டுனா வேலையும் போகும், வழக்கும் வரும்.

3. எப்போ அப்ளை பண்றது

பி.பி.எட். கடைசி செமஸ்டர்ல இருக்கும்போதே வேலையை ஆரம்பிங்க. புதுச்சேரி, குவாலியர் எல்.என்.ஐ.பி.இ. மாதிரி மத்திய நிறுவனங்கள் சி.யூ.இ.டி. பி.ஜி.ங்கிற பொது நுழைவுத் தேர்வு மூலமா எடுக்குறாங்க. அதுக்கு அப்ளிகேஷன் டிசம்பர் கடைசி, ஜனவரில ஓபன் ஆகும், பரீட்சை மார்ச்ல. நம்ம மாநிலக் காலேஜ் நோட்டிபிகேஷன் பெரும்பாலும் மே, ஜூன்ல தான் வரும். மே மாசம் முழிச்சுப் பாத்தா மத்திய நிறுவனக் கதவு மூடி மூணு மாசம் ஆகியிருக்கும், நம்ம பசங்க வருஷா வருஷம் கோட்டை விடுறது இங்க தான்.

பி.பி.எட். ரிசல்ட் லேட்டாச்சுன்னா பதறாதீங்க, அதுவரைக்கும் வந்த செமஸ்டர் மார்க்‌ஷீட் வச்சு அப்ளை பண்ண விடுவாங்களான்னு ப்ராஸ்பெக்டஸ்ல பாருங்க. எம்.பி.எட். சேர பி.பி.எட்.ல 50 சதவீதம் வேணும்.

4. ஃபைல் (இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க)

முதல்ல லிஸ்ட். பத்து, பன்னெண்டு மார்க்‌ஷீட், டிகிரி, பி.பி.எட். ரெண்டுக்கும் செமஸ்டர் மார்க்‌ஷீட் எல்லாம், கன்சாலிடேட்டட், புரொவிஷனல், கான்வொகேஷன் சர்டிபிகேட், டிசி, நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்றிதழ், ஆதார், மருத்துவத் தகுதிச் சான்று, வேற யுனிவர்சிட்டிக்கு மாறுறீங்கன்னா மைக்ரேஷன். மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கு யுனிவர்சிட்டிக்கு பணம் கட்டி அப்ளை பண்ணி வர வாரக்கணக்குல ஆகும், அட்மிஷன் அன்னைக்கு ஓடாதீங்க.

இப்போ விளையாட்டுச் சர்டிபிகேட். நம்ம படிப்புல இது மார்க்‌ஷீட் அளவுக்கு முக்கியம், ஆனா நாம தான் இதை டிரங்குப் பெட்டில போட்டு வைக்கிறோம்.

என் கதை இது தான். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆடி, இன்டர் யுனிவர்சிட்டி கோ-கோ போட்டிக்குப் போன சர்டிபிகேட் என்கிட்ட இருந்துச்சு. எங்க அப்பா ஆசையா அதை லேமினேஷன் போட்டு வச்சிருந்தார், வீட்டுக் கூடத்துல ரொம்ப நாள் தொங்குச்சு. எம்.பி.எட். முடிச்சு, நெட் முடிச்சு, ஒரு காலேஜ்ல செலக்ட் ஆகி, சர்டிபிகேட் வெரிஃபிகேஷனுக்குப் போனேன். அங்க உக்காந்திருந்தவர் அதைக் கையில வாங்கி வெளிச்சத்துல சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தார். பிளாஸ்டிக்குக்குள்ள மை பரவி சீல் நீலத் திட்டா இருந்துச்சு, கையெழுத்து பாதி அழிஞ்சு போயிருந்துச்சு. அதை விடப் பெரிய பிரச்சனை என் பேர். பத்தாவது மார்க்‌ஷீட்ல இனிஷியல் முன்னாடி ஒரு எழுத்து, விளையாட்டுச் சர்டிபிகேட்ல அப்பா பேர் முழுசா பின்னாடி. "இது நீங்க தான்னு நான் எப்படி எடுத்துக்கிறது"ன்னு கேட்டார். அவர் கேட்டதுல தப்பே இல்ல. நான் படிச்ச இடத்துல இருந்து புதுசா ஒரு கடிதம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, பதினஞ்சு நாள் டைம். அங்க போனா அந்த வருஷத்து டீம் லிஸ்ட் ரெஜிஸ்டரே கிடைக்கல. தேடி எடுத்து கடிதம் என் கைக்கு வரும்போது அஞ்சு மாசம் ஆயிடுச்சு. அந்த போஸ்ட் அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு. மறுபடி ஒரு நோட்டிபிகேஷன் வர ஒரு வருஷம் காத்திருந்தேன். அப்பா இன்னும் அதைப் பத்திப் பேசும்போது தலை குனிஞ்சுக்கிறார், அதான் எனக்கு வேதனை.

அதனால:

எந்த ஒரிஜினலையும் லேமினேட் பண்ணாதீங்க. பிளாஸ்டிக் கவர் ஃபோல்டர்ல போடுங்க போதும்.

சர்டிபிகேட் கையில வாங்குன அன்னைக்கே பேர், இனிஷியல், போட்டி நடந்த தேதி, இடம், கையெழுத்து, சீல் ஆறையும் பாருங்க. தப்பு இருந்தா மறுநாளே மாத்துங்க. அன்னைக்கு ரெண்டு நிமிஷ வேலை, அஞ்சு வருஷம் கழிச்சுன்னா நாய் படாத பாடு.

எல்லா இடத்துலயும் பேர் பத்தாவது மார்க்‌ஷீட்ல இருக்கிற மாதிரியே குடுங்க, டீம் லிஸ்ட் எழுதுற சீனியர்கிட்டயும் சொல்லி வைங்க.

ஃபார்ம் 1, 2, 3, 4னு சொல்றாங்களே அது என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. நாட்டுக்காக ஆடுனா ஃபார்ம் 1, மாநிலத்துக்காக தேசியப் போட்டில ஆடுனா 2, யுனிவர்சிட்டிக்காக இன்டர் யுனிவர்சிட்டில ஆடுனா 3, மாநிலப் பள்ளி டீமுக்காக தேசியப் பள்ளி விளையாட்டுல ஆடுனா 4. வெறும் பங்கேற்புச் சர்டிபிகேட் வேற, இந்த ஃபார்ம் வேற. விளையாட்டு ஒதுக்கீட்டுல எங்கயாவது போகணும்னா இந்த ஃபார்ம் தான் கேப்பாங்க, அதுல உரிய அதிகாரி கையெழுத்து வாங்க ஆள் மாறுறதுக்கு முன்னாடியே போயிடுங்க.

கடைசியா, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மெயில்ல ஒண்ணு, வீட்ல யாராவது போன்ல ஒண்ணு.

5. செலவு

டியூஷன் ஃபீஸ் இடத்துக்கு இடம் மாறும், அதைக் கேக்க எல்லாருக்கும் தெரியும். கேக்காம விடுறது மத்ததெல்லாம். கிட் காசு, டிராக் சூட், லீடர்ஷிப் கேம்ப், டூர், பரீட்சைக் கட்டணம், ஹாஸ்டல் மெஸ், ரெக்கார்டு நோட்டு, தீசிஸ் பைண்டிங். "ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எழுத்துல குடுங்க"ன்னு ஆபீஸ்ல கேளுங்க, தயங்காதீங்க. எனக்கு ஷூ, ஸ்பைக்ஸ், ரெண்டு செட் கிட்டு மட்டுமே ஏழாயிரம் தாண்டிடுச்சு, அதோட தீசிஸ் நாலு காப்பி பிரிண்ட், பைண்டிங் தனி. மெஸ் சாப்பாடு நம்ம பயிற்சிக்குப் பத்தாது, முட்டை, வாழைப்பழம், கடலைனு மாசாமாசம் தனியா ஒரு தொகை எடுத்து வைங்க. பொண்ணுங்க முக்கியமா இதுல மிச்சம் பிடிக்காதீங்க, எங்க பேட்ச்ல ரெண்டு பேர் ரத்தசோகையால பாதி செமஸ்டர் கிரவுண்டுக்கே வர முடியாமப் போச்சு.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் உண்டு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். வருமானச் சான்று, ஆதார் இணைச்ச பேங்க் அக்கவுன்ட் ரெண்டும் சேர்ற அன்னைக்கே ரெடியா இருக்கட்டும். முதல் பட்டதாரி சலுகை இதுக்குக் கிடைக்காது, நீங்க ஏற்கனவே பட்டதாரி ஆயிட்டீங்க.

6. செலக்‌ஷன் நாள்

பி.பி.எட். மார்க், விளையாட்டுச் சாதனை, ஃபிட்னஸ் இல்ல ஸ்கில் டெஸ்ட், நேர்காணல், இந்த நாலும் கலந்து தான் பெரும்பாலான இடத்துல எடுப்பாங்க. ஃபிட்னஸுக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்தே ஓட ஆரம்பிங்க. ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற ரெண்டு மாசத்துல உடம்பு விட்டுப் போயிடும்.

நேர்காணல்ல பெரிய தத்துவம் எல்லாம் கேக்க மாட்டாங்க, கை வேலை தெரியுமான்னு தான் பாப்பாங்க. என்கிட்ட கேட்டது டிராக் மார்க்கிங். 400 மீட்டர் ஓட்டத்துக்கு ரெண்டாவது லேன்ல ஸ்டேகர் (வெளி லேன்ல ஓடுறவரை எவ்வளவு முன்னாடி நிறுத்தணும்ங்கிற தூரம்) எவ்வளவுன்னு கேட்டாங்க, 7.04 மீட்டர்னு சொன்னேன். மூணாவது லேனுக்கு அதுக்கு மேல எவ்வளவு கூட்டணும்? 7.67. ஏன் ரெண்டும் ஒண்ணா இல்ல? அங்க தான் நெறைய பேர் முழிப்பாங்க, ஏன்னா நாம எல்லாரும் நம்பரை மனப்பாடம் பண்ணிட்டு கயிறும் ஆணியும் பிடிச்சு கோடு போட்டிருப்போம், காரணம் கேட்டிருக்க மாட்டோம். முதல் லேன்ல ஓட்ட தூரத்தை உள் கெர்ப்ல (டிராக்கோட உள் விளிம்புத் திட்டு) இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்குறோம், மத்த லேன்ல உள் கோட்டுல இருந்து 20 சென்டிமீட்டர். லேன் அகலம் 1.22, அதனால முதல் லேனுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல அளக்குற கோடு 1.12 மீட்டர் தான் தள்ளி இருக்கு, அதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் 1.22. ரெண்டையும் 2π-யால, அதாவது 6.28-ஆல பெருக்கிப் பாருங்க, வந்துடும். இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க ஊர் ஸ்கூல் பி.டி. சார், சுண்ணாம்புப் பொடி கையோட மண்ணுல குச்சியால வரைஞ்சு காட்டினார்.

7. ரெண்டு வருஷத்துக்குள்ள: தீசிஸ் கேலண்டர்

வகுப்பு, பிராக்டிகல் எல்லாம் ஓடிடும், அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. கவுக்குறது தீசிஸ். நம்ம பக்கத்து எம்.பி.எட். தீசிஸ்னா பெரும்பாலும் ஒரே அச்சு: ஸ்கூல் பிள்ளைங்க முப்பது நாப்பது பேர், பன்னெண்டு வாரப் பயிற்சி, முன் தேர்வு, பின் தேர்வு, அன்கோவா, ஷெஃபே டெஸ்ட்னு புள்ளியியல் கணக்கு. சரி, அப்படியே பண்ணுங்க, ஆனா பன்னெண்டு வாரத்தை எப்போ வைக்கிறீங்கங்கிறதுல தான் எல்லாம் இருக்கு.

ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சா நடுவுல காலாண்டுப் பரீட்சை, லீவு, அதுக்கப்புறம் வடகிழக்குப் பருவமழை, கிரவுண்டு குளமாயிடும், பிள்ளைங்க வரமாட்டாங்க. என் கூடப் படிச்ச பையன் அக்டோபர்ல ஆரம்பிச்சு நாலாவது வாரம் மழைல நின்னு போய், ஜனவரில முதல்ல இருந்து மறுபடி தொடங்கினான். ரெண்டாவது செமஸ்டர்லயே தலைப்பை முடிவு பண்ணி, கைடுகிட்ட ஓகே வாங்கி, ஸ்கூல் தொறந்த உடனே ஜூன் நடுவுல ஆரம்பிச்சீங்கன்னா காலாண்டுப் பரீட்சைக்குள்ள முடிச்சிடலாம். தலைமையாசிரியர் அனுமதிக் கடிதம், பெற்றோர் சம்மதக் கடிதம் ரெண்டையும் ஏப்ரல்லயே பேசி வைங்க, மே மாசம் ஸ்கூல்ல ஆள் இருக்காது. முப்பது பேர் வேணும்னா நாப்பது பேரை எடுங்க, ஊர்த் திருவிழா, காய்ச்சல், டீம் செலக்‌ஷன்னு பத்து பேர் கழண்டுக்குவாங்க.

ரெடிமேட் தீசிஸ் விக்கிறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. வாங்காதீங்க. திருட்டுச் சோதனை மென்பொருள்ல மாட்டுவீங்கங்கிறது ஒரு காரணம், அதை விட நீங்களே ஒரு தடவை அந்த நம்பரைக் கையால போட்டுப் பாத்தா தான் நாளைக்கு ஒரு பிள்ளைக்கு குடுக்கிற பயிற்சி வேலை செய்யுதா இல்லையான்னு உங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். இந்த டிகிரில எனக்குக் கிடைச்ச பெரிய சொத்தே அது தான்.

8. நெட்டை மூணாவது செமஸ்டர்லயே எழுதுங்க

எம்.பி.எட். கடைசி வருஷம் படிக்கும்போதே நெட் எழுதலாம், ரிசல்ட் வந்த தேதில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள டிகிரியை தேவையான மார்க்கோட முடிச்சா போதும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன் ஒண்ணு டிசம்பர் ஒண்ணு. உடற்கல்வி பாடக் குறியீடு 47. தாள் 1ல 50 கேள்வி 100 மார்க், தாள் 2ல 100 கேள்வி 200 மார்க், மூணு மணி நேரம் சேர்த்து, தப்பு விடைக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால ஒரு கேள்வியும் விடாம குறிங்க.

நம்ம ஆளுங்க விழுறது தாள் 1ல. தாள் 2ல கினீசியாலஜி, உடலியல் எல்லாம் நல்லாப் போட்டுட்டு, தாள் 1ல தரவு விளக்கம், தர்க்கம், ஆராய்ச்சித் திறன்ல கோட்டை விடுறோம். நான் மூணாவது தடவை தான் பாஸ். முதல் ரெண்டு தடவை தாள் 1 புத்தகத்தைத் திறக்கவே இல்ல. மொத்த மார்க்க வச்சுத் தான் தரவரிசை, அதனால தாள் 1ல விடுற பத்துப் பன்னெண்டு மார்க் நேரா கட் ஆஃப்ல அடிக்கும். தினம் காலைல கிரவுண்டுக்கு முன்னாடி அரை மணி நேரம், அது போதும், ஆனா தினம்.

சர்டிபிகேட்ல ஒரு கண்ணி. நம்ம கையில இருக்கிற பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்கு. நெட்டுக்கு மத்திய அரசு ஓ.பி.சி. சான்றிதழ் தனியா வேணும், கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லன்னு இருக்கணும், அந்த நிதியாண்டுக்கானதா இருக்கணும். இ-சேவை மையத்துல அறுபது ரூபாய் கட்டி அப்ளை பண்ணலாம், ஆனா வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு மூணு மேசை தாண்டி வரணும். ஏப்ரல் முதல் வாரம் போட்டுடுங்க. இது இல்லாம ஓ.பி.சி.னு டிக் பண்ணி பாஸ் ஆகிட்டு, சான்றிதழ் காட்ட முடியாம நின்னவங்க இருக்காங்க. நான் எழுதும்போது கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,150, ஓ.பி.சி., ஈ.டபிள்யூ.எஸ். 600, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 325.

பி.ஹெச்டி. ஆசை இருக்கிறவங்களும் நெட்ல உக்காரணும், 2024 ஜூன்ல இருந்து நெட் மார்க்கை பி.ஹெச்டி. அட்மிஷனுக்கும் எடுத்துக்கிறாங்க, ஆனா ஜே.ஆர்.எஃப். (நெட்ல மேல வர்றவங்களுக்குக் கிடைக்கிற ஆராய்ச்சி உதவித்தொகை) வராதவங்களுக்கு அந்த மார்க் ஒரு வருஷம் தான் செல்லும். எம்.பில். நிறுத்தியாச்சு, யாராவது எம்.பில். சேர்த்து விடுறேன்னு சொன்னா கேக்காதீங்க. செட் பாஸ் பண்ணா நம்ம மாநிலத்துக்குள்ள செல்லும்.

9. டி.ஆர்.பி. எழுதுறவங்களுக்கு

தேர்வு 150 மார்க்: பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. ஆனா அதுக்கு முன்னாடி தமிழ்த் தகுதித் தேர்வு, 30 கேள்வி, 50 மார்க், 20 எடுத்தே ஆகணும். அது எடுக்கலன்னா உங்க மெயின் பேப்பரைத் திருத்தவே மாட்டாங்க. தமிழ் நமக்குத் தெரியாதான்னு அசால்ட்டா போய் இலக்கணக் கேள்வில மாட்டிக்கிட்டவங்க நிறைய, பத்தாம் வகுப்பு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் படிங்க. நோட்டிபிகேஷன் வருஷா வருஷம் வராது, வந்தா கொஞ்ச நாள் தான் டைம், அதனால தான் ஃபைலை இப்பவே ரெடி பண்ணச் சொல்றேன்.

வேற மாநிலத்துல எம்.பி.எட். படிச்சவங்க, இணைத்தன்மை அரசாணை உங்க டிகிரிக்கு இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடியே தேடுங்க. படிச்சு முடிச்சுத் தேடுறது ரொம்ப லேட்.

10. காலேஜ் போஸ்ட்: ஃபிட்னஸ் டெஸ்ட்

ஆம்பளைங்களுக்கு 12 நிமிஷம் ஓட்டம் அல்லது நடை. 30 வயசு வரைக்கும் 1,800 மீட்டர், 40 வரைக்கும் 1,500, 45 வரைக்கும் 1,200, 50 வரைக்கும் 800. பொம்பளைங்களுக்கு 8 நிமிஷம், அதே வயசுக் கணக்குல 1,000, 800, 600, 400 மீட்டர். பாக்க ரொம்ப ஈசியாத் தெரியும். ரெண்டு மூணு வருஷம் நெட் கோச்சிங், தனியார் ஸ்கூல் வேலைனு உக்காந்தே இருந்தவங்களுக்கு ஈசி இல்ல. பிள்ளை பெத்து ஆறு மாசத்துல இன்டர்வியூக்கு வந்த ஒரு அக்காவை நான் பாத்திருக்கேன், அழுதுட்டே ஓடி முடிச்சாங்க.

டெஸ்ட்டுக்கு முன்னாடி மருத்துவத் தகுதிச் சான்று கேப்பாங்க, அது இல்லாம டிராக்ல இறங்க விட மாட்டாங்க. ரெண்டு நாள் முன்னாடியே வாங்கி வைங்க, டாக்டரோட பதிவு எண், சீல் இருக்கான்னு பாருங்க. இன்டர்வியூன்னு சேலை, ஃபார்மல் பேண்ட்ல வருவீங்க, ஷூவும் டிராக் பேண்டும் தனிப் பையில இருக்கட்டும். காலைல ஒன்பது மணிக்கு வரச் சொல்லிட்டு சர்டிபிகேட் பாத்து முடிச்சு ஓட விடும்போது பதினொன்றரை ஆயிடும், வெயில் உச்சில நிக்கும், எங்களை ஓட விட்டது வெறும் கட்டாந்தரை. இட்லி ரெண்டு சாப்பிட்டுட்டு, உப்பு போட்ட மோர் ஒரு பாட்டில் கையில வச்சுக்கோங்க. ஓடி முடிச்ச உடனே உங்க பேருக்கு நேரா தூரத்தை எழுதுனாங்களான்னு நின்னு பாத்துட்டு, கையெழுத்து போட்டுட்டு தான் அங்கிருந்து நகரணும்.